நரம்பின் செய்தியைக் கண்டறிந்தவர்: ஒட்டோ லோவி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவி எவருக்கும் அசற்றைல்கோலின் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. நரம்பு முடிவிலிருந்து வெளிவந்து அடுத்த கலத்துக்குச் செய்தியைக் கடத்தும் இரசாயனப் பொருள் என்று ஒரு வரி எழுதுவோம். அதற்குரிய புள்ளியைப் பெற்றுக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரி உண்மைதான் என்று முதலில் நிரூபித்த மனிதர், அது மனதில் தோன்றிய பின் 17 ஆண்டுகள் அதை மறந்தே இருந்தார். மீண்டும் நினைவுக்கு வந்த இரவிலே அதை இன்னொரு முறை இழந்தார். பின்னர் அதற்காகக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைத் தன் உயிருக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஒட்டோ லோவி 1873ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில், வணிகம் செய்துவந்த ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாடசாலையில் மொழிகளும் இலக்கியமும் அவருக்கு எளிதாக வந்தன. கணிதமும் பௌதிகவியலும் வரவில்லை. கலை வரலாறு படிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஓவியம், பழைய கட்டடங்கள், இசை என்று அலையும் பிள்ளை நாளைக்கு எப்படிச் சோறு சாப்பிடும் என்ற கவலை வீட்டாருக்கு. மருத்துவம் படி என்றார்கள். அவரும் 1891இல் ஸ்ட்ராஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் சேர்ந்தார்.

சேர்ந்தாரே தவிர, வகுப்பில் இருந்தது குறைவு. மருத்துவ விரிவுரை நடக்கும் நேரத்தில் மெய்யியல் விரிவுரையிலோ கட்டடக்கலை வரலாற்று விரிவுரையிலோ போய் உட்கார்ந்துவிடுவார். 1893இல் நடந்த முதலாவது மருத்துவப் பரீட்சையில் மயிரிழையில்தான் தேறினார். கடைசியில் பெற்றோர் சொன்னதுதானே சரியாகிற்று என்று இதை வாசிக்கும் வாப்பாமார் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மருத்துவம் படித்திராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு வாய்த்திருக்காது. ஆனால் எல்லா விரிவுரைக்கும் ஒழுங்காகப் போன எத்தனையோ பேருக்கும் அது வாய்க்கவில்லை.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் அவருக்குக் கிடைத்த பெரும் பேறு ஒஸ்வால்ட் ஸ்மீடபேர்க் என்ற ஆசிரியர். மருந்தியலை ஒரு தனித் துறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். ஐரோப்பியக் காடுகளில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளோடு முளைக்கும் ஒரு நச்சுக் காளான் உண்டு. சிறுவர் கதைப் புத்தகங்களில் வரையப்படும் காளான் அதுதான். அதிலிருந்து மஸ்கரின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்து 1869இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதியவர் ஸ்மீடபேர்க். அந்த நஞ்சில் ஒரு விசித்திரம் இருந்தது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு தளரும். வலுவாகத் தூண்டினால் நின்றேவிடும். தவளையின் இதயத்தில் ஒரு துளி மஸ்கரினை விட்டாலும் அச்சொட்டாக அதுவே நடந்தது. அற்றோப்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் நின்ற இதயம் மீண்டும் துடித்தது.

காட்டுக் காளானில் இருக்கும் ஒரு பொருள், உடலுக்குள் இருக்கும் ஒரு நரம்பைப் போல் எப்படி நடிக்கிறது? இந்தக் கேள்விக்கு அப்போது எவரிடமும் பதில் இல்லை. லோவி தன் பட்டத்துக்கான ஆய்வை ஸ்மீடபேர்க்கிடம்தான் செய்தார். உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தின் மீது சில நஞ்சுகளின் தாக்கம் என்பது தலைப்பு. 1896இல் பட்டம் பெற்றார். தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைக்கும் கைப்பழக்கம் அன்று வந்தது. அது எதற்கு உதவப்போகிறது என்பது அவருக்கே தெரியாது.

காரணம் தெரியாமலே இவ்வகை மருந்துகளை வைத்தியர்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் மென்ற ஜபொராண்டி இலை வியர்வையையும் உமிழ்நீரையும் பெருக்கும். 1870களில் அந்த இலை பாரிசுக்கு வந்து சேர்ந்தது. 1875இல் அதிலிருந்து பைலோகார்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது குளோக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்குத் துளிமருந்தாகிவிட்டது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் பகுதியில் ஒரு கொடியின் விதையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஊட்டி, பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்த விதையின் நஞ்சான பைசொஸ்டிக்மினும் கண் அழுத்தத்தைக் குறைத்தது. அதைக் கண்டு சொன்ன லுட்விக் லாக்கர் என்ற கண் வைத்தியர் அதே ஸ்ட்ராஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருக்கே குளோக்கோமா இருந்தது. மருந்து வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்று கேட்டால் கையை விரிக்க வேண்டிய நிலை.

பட்டம் பெற்ற லோவி பிராங்க்பேர்ட் நகர வைத்தியசாலையில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். அங்கு காசநோயும் நிமோனியாவும் கண்ட நோயாளிகள் கண்முன்னே இறந்துகொண்டிருந்தார்கள். கொடுப்பதற்கு மருந்து ஏதுமில்லை. கட்டில் அருகே நின்று பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாத அந்தத் தொழில் தனக்கு வேண்டாம் என்று முடிவுசெய்து, 1898இல் மார்பேர்க் நகருக்குப் போய் ஹான்ஸ் மேயர் என்ற மருந்தியல் பேராசிரியரிடம் உதவியாளரானார். அவருடைய மனவுறுதிக் குறைவு என்றும் இதைச் சொல்லலாம். வைத்தியத்தை விட்டு ஓடவில்லை, மருந்தைத் தேடிப் போனார் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதையே நம்புகிறேன்.

1902இல் அவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கு ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளரின் நட்புக் கிடைத்தது. அந்த நட்பு இருவரின் வாழ்நாள் முழுதும் நீடித்தது. 1903இல் மார்பேர்க்குக்கு வந்திருந்த இன்னொரு ஆங்கில நண்பரான வோல்டர் பிளெட்சருடன் பேசிக்கொண்டிருக்கையில், லோவியின் மனதில் ஓர் எண்ணம் தோன்றியது. மஸ்கரின் வேகஸ் நரம்பைப் போல் நடக்கிறது என்றால், வேகஸ் நரம்பே தன் முனையிலிருந்து மஸ்கரின் போன்ற ஒரு பொருளை வெளிவிடுவதாக ஏன் இருக்கக்கூடாது? நரம்பு மின்னால் மட்டுமே வேலை செய்கிறது என்று அநேகர் நம்பிய காலம் அது. இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அவருக்கு வழி தெரியவில்லை. எண்ணம் அப்படியே மறைந்துபோயிற்று.

பின்னர் வேலைகள் வந்தன. மேயரோடு வியன்னாவுக்குப் போனார். 1908இல் கீடா கோல்ட்ஷ்மீட் என்ற பெண்ணை மணந்தார். மூன்று ஆண்களும் ஒரு பெண்ணுமாக நான்கு பிள்ளைகள். 1909இல் ஒஸ்ரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியரானார். நல்ல விரிவுரையாளர் என்று பெயரெடுத்தார். அமைதியான அந்த வாழ்க்கையின் நடுவேதான் அந்தக் கனவு வந்தது.

ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்திய இரவு. லோவி பிற்காலத்தில் எழுதியபோது அதை 1920 என்று குறிப்பிட்டார். ஆய்வுக் கட்டுரை வெளியானது 1921இல். நடு இரவில் விழித்தெழுந்து, விளக்கை ஏற்றி, ஒரு மெல்லிய காகிதத் துண்டில் எதையோ கிறுக்கிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது இரவில் மிக முக்கியமான ஒன்றை எழுதியது நினைவில் இருந்தது. என்ன எழுதினார் என்பது நினைவில் இல்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்தைத் தன்னாலேயே வாசிக்க முடியவில்லை. ஞாயிறு முழுவதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பலனில்லை. தன் வாழ்நாளில் அந்த ஞாயிறைப் போல் தவித்த நாள் வேறில்லை என்று அவர் பின்னர் சொன்னதுண்டு.

அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வந்தது. 17 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஊகத்தைச் சோதிப்பதற்கான பரிசோதனையின் திட்டம் அது. இம்முறை எழுதவில்லை. எழுந்து உடுத்திக்கொண்டு நேராக ஆய்வுகூடத்துக்குப் போனார்.

பரிசோதனையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். இரு தவளைகளின் இதயங்களை வெளியே எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பை விட்டுவைத்தார். மற்றதில் நரம்பை அகற்றிவிட்டார். இரண்டையும் உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைச் சில நிமிடங்கள் தூண்டினார். துடிப்புத் தளர்ந்தது. அந்த இதயத்துக்குள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் விட்டார். நரம்பே இல்லாத இரண்டாவது இதயமும், தன் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டது போலத் தளர்ந்தது. துடிப்பைக் கூட்டும் நரம்பைத் தூண்டிவிட்டுக் கரைசலை மாற்றியபோது இரண்டாவது இதயமும் விரைந்தது. ஓர் இதயத்திலிருந்து மற்றதற்குப் போனது வெறும் நீர். மின் அதில் போக முடியாது. ஆகவே நரம்பு ஏதோ ஒரு பொருளை அந்த நீரில் விட்டிருக்கிறது.

தவளையைக் கொல்வதைத் தடுக்கும் ஹதீஸை அறிந்த நமக்கு இந்த இடம் சற்று உறுத்தலாகவே இருக்கும். அக்கால உடற்றொழிலியல் அறிவில் பெரும்பகுதி தவளையின் மீது கட்டப்பட்டது என்பதும் உண்மை.

லோவி இதைப் பகலில் நிதானமாக யோசித்திருந்தால் செய்தே இருக்கமாட்டார். நரம்பு ஒரு பொருளை விட்டாலும் அது பக்கத்துக் கலத்துக்குப் போதுமான அளவாகத்தான் இருக்கும், மிஞ்சி வழிந்து கரைசலில் கலக்கும் என்று எதிர்பார்ப்பது அறிவீனம் என்று தள்ளிவிட்டிருப்பார். அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் அந்தத் தடை எழவில்லை. அதிர்ஷ்டமும் துணைநின்றது. தவளையின் வேகஸ் நரம்போடு துடிப்பைக் கூட்டும் இழைகளும் கலந்தே இருக்கும். குளிர்காலத்துத் தவளையில்தான் தளர்த்தும் இழைகளின் கை ஓங்கியிருக்கும். குளிரில், அந்தப் பொருளை அழிக்கும் நொதியமும் மந்தமாகவே வேலை செய்யும். அதே பரிசோதனையைக் கோடைத் தவளையில் செய்திருந்தால் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம்.

மற்றவர்களுக்கு நேர்ந்தது அதுதான். பல நாட்டு ஆய்வாளர்கள் செய்து பார்த்துவிட்டு முடிவு கிடைக்கவில்லை என்றார்கள். லோவியின் மீது ஐயம் விழுந்தது. 1926இல் ஸ்டொக்ஹோம் நகரில் நடந்த சர்வதேச உடற்றொழிலியல் மாநாட்டில், அறிஞர்கள் சூழ்ந்து நிற்க அவர் அந்தப் பரிசோதனையைச் செய்துகாட்ட வேண்டி வந்தது. 18 தடவை செய்தார். 18 தடவையும் பலித்தது.

தான் கண்ட பொருளுக்கு அவர் இட்ட பெயர் வேகஸ் பொருள் என்பதுதான். அசற்றைல்கோலின் என்று அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1914இலேயே அவருடைய நண்பர் டேல், அசற்றைல்கோலினின் செயல்களை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார். மஸ்கரினைப் போன்றவை ஒரு வகை, நிக்கொட்டினைப் போன்றவை மற்றொரு வகை. ஆனால் அது உடலுக்குள் இயல்பாகவே இருக்கிறதா என்பது தெரிந்திருக்கவில்லை. 1929இல் டேலும் டட்லியும் குதிரை, எருது ஆகியவற்றின் மண்ணீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்மீடபேர்க்கின் பழைய கேள்விக்குப் பதில் அப்போது முழுமையாயிற்று. காளானின் நஞ்சு நரம்பைப் பார்த்து நடிக்கவில்லை. நரம்பு வெளிவிடும் அசற்றைல்கோலின் போய்ப் பொருந்தும் இடத்தில் தானும் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அந்த இடங்களையே இன்று மஸ்கரினிக் வாங்கிகள் என்கிறோம். அவற்றில் ஐந்து வகைகள் அறியப்பட்டுள்ளன. இதயத்தைத் தளர்த்துவது இரண்டாவது வகை, சுரப்பிகளையும் மழமழப்பான தசைகளையும் இயக்குவது பெரும்பாலும் மூன்றாவது வகை.

அற்றோப்பின் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதும், நரம்பு பொருளை விடுவதை அது தடுப்பதில்லை என்பதும் லோவியின் பரிசோதனைகளிலேயே தெரிந்தன. 1926இல் அவரும் நவ்ராட்டில் என்ற அவருடைய உடனாய்வாளரும் இன்னொன்றைக் காட்டினார்கள். வேகஸ் பொருளை உடல் மிக விரைவாக அழித்துவிடுகிறது. கலபார் விதையின் பைசொஸ்டிக்மின் அந்த அழிவைத் தடுக்கிறது. நம் நாட்டில் வயலுக்கு மருந்தடிக்கையில் ஓகனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினி உடலில் ஏறி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவோருக்கு வாயில் நுரை தள்ளுவதும், கண்மணி சுருங்குவதும், மூச்சுக் குழாய் சளியால் நிரம்புவதும் இதே காரணத்தால்தான். அழிக்கப்படாத அசற்றைல்கோலின் தேங்கி மஸ்கரினிக் வாங்கிகளை ஓயாமல் தட்டுகிறது. அங்கு வைத்தியர்கள் முதலில் கையிலெடுப்பது ஸ்மீடபேர்க் தவளை இதயத்துக்குக் கொடுத்த அதே அற்றோப்பினை.

அசற்றைல்கோலினையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். உடலில் போட்ட கணத்திலேயே அது அழிந்துவிடும்; அழியுமுன் எல்லா இடத்தையும் கலக்கிவிடும். ஆகவே அதன் வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் அவ்வளவு எளிதில் அழியாத பொருள்கள் தேவைப்பட்டன. பைலோகார்பின் அத்தகையது. கண்ணில் விட்டால் கண்மணி சுருங்கும், உள்ளேயுள்ள சிறு தசை இழுபட்டுக் கண்ணீர்மத்தின் வடிகால் திறக்கும், அழுத்தம் இறங்கும். இன்று குளோக்கோமாவுக்கு வேறு துளிமருந்துகளே பெரும்பாலும் எழுதப்படுகின்றன என்றாலும், வடிகாலின் கோணம் சடுதியாக மூடிக்கொள்ளும் வகைக்குப் பைலோகார்பின் இன்னும் தேவைப்படுகிறது. அதே மருந்து மாத்திரையாகவும் உண்டு. புகையிலையோடு வெற்றிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படும் நாடு நம்முடையது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கருகிப்போய், ஒரு பிடி சோற்றை விழுங்கத் தண்ணீர்க் குவளையோடு இருக்க வேண்டிவரும். மிஞ்சியிருக்கும் சுரப்பியைத் தட்டியெழுப்பிச் சிறிது உமிழ்நீர் தருவது இந்த மாத்திரை. பெண்களையே அதிகம் தாக்கும் ஷோகிரன் நோயின் வாய் வறட்சிக்கும் இதுவும் செவிமெலின் என்ற மருந்தும் கொடுக்கப்படுகின்றன.

பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ பின்னர் அடைப்பு ஏதும் இல்லாமலே சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்போருக்குப் பெதனக்கோல் சிறுநீர்ப்பையைச் சுருங்கவைக்கும். மெதக்கோலின் என்பதைச் சிறிது சிறிதாக உள்ளிழுக்கவைத்து மூச்சை அளந்து, ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டறிகிறார்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக் குழாய் மற்றவர்களுடையதைவிட மிகக் குறைந்த அளவுக்கே இறுகிவிடும். இதே காரணத்தால்தான் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் துடிப்பு மந்தமாக உள்ளவர்களுக்கும் இவ்வகை மருந்துகளைக் கொடுக்க வைத்தியர்கள் அஞ்சுவார்கள். ஒரு வாங்கியைத் தட்டப் போனால் உடலெங்கும் உள்ள அதன் சகோதரங்களும் விழித்துக்கொள்ளும். வியர்க்கும், வயிறு புரட்டும், வாயூறும். மனச்சிதைவு நோய்க்கென 2024இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தில் இதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். மூளையிலுள்ள மஸ்கரினிக் வாங்கிகளைத் தூண்டும் சனோமெலினோடு, மூளைக்குள் அதிகம் புகாமல் உடலிலுள்ள வாங்கிகளை மட்டும் அடைக்கும் துரோஸ்பியம் என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

1936இல் லோவிக்கும் டேலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது. 34 ஆண்டுகால நண்பர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். லோவிக்கு அப்போது வயது 63. இனி ஓய்வுதான் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தது. அந்த இரவிலேயே, அதிகாலை மூன்று மணியளவில், ஆயுதம் தாங்கிய நாஜி இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் லோவியின் படுக்கையறைக்குள் புகுந்தார்கள். அவர் யூதர் என்பதே குற்றம். துப்பாக்கி முனையில் இழுத்துப்போய்ச் சிறையில் அடைத்தார்கள். இளைய மகன்மார் இருவரும் சிறைப்பட்டார்கள். தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று அவருக்கு உறுதியாகப்பட்டது.

அன்றிரவு அவரை வாட்டியது இன்னொன்றும் உண்டு. கடைசியாக முடித்த ஒரு பரிசோதனையின் முடிவு எங்கும் வெளியாகாமல் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. காவலாளி ஒருவரைக் கெஞ்சி ஒரு தபாலட்டையும் பேனாவும் பெற்றார். அந்த முடிவைச் சுருக்கமாக எழுதி ஜேர்மனிய விஞ்ஞான இதழ் ஒன்றுக்கு முகவரியிட்டு அனுப்பவைத்தார். அதன் பிறகு மனப்பாரம் இறங்கியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். தன் எழுத்தையே வாசிக்க முடியாமல் ஒரு ஞாயிறு முழுவதும் துடித்த மனிதர் இம்முறை தெளிவாகவே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதங்களின் பின் விடுதலை கிடைத்தது. அதற்கு விலை இருந்தது. ஸ்டொக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வங்கிக்கு மாற்றும்படி அவரே கையெழுத்திட வேண்டும்; சொத்து அனைத்தையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டும். கையெழுத்திட்டார். 1938 செப்டெம்பரில் வெறுங்கையோடு லண்டனுக்குப் புறப்பட்டார். மனைவி கீடாவை விடவில்லை. இத்தாலியில் இருந்த அவருடைய காணியையும் எழுதி வாங்கும்வரை பிடித்துவைத்தார்கள். 1941இல்தான் அவர் கணவரிடம் வந்துசேர முடிந்தது. பரிசுப் பட்டியலிலும் பாடப் புத்தகத்திலும் கீடாவின் பெயர் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதையும் எவராவது எழுதியிருக்கலாம்.

லோவி பிரசல்ஸில் சில மாதங்கள், ஒக்ஸ்போர்டில் சில மாதங்கள் என்று ஊர் மாறினார். 1940இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அவரை அழைத்தது. கப்பலில் போய் இறங்கியவர், குடிவரவு அதிகாரியிடம் நீட்டவேண்டிய வைத்தியச் சான்றிதழைத் தற்செயலாகக் கண்டார். பரிசோதித்த வைத்தியர் அதில், இவர் மூப்பினால் தளர்ந்தவர், உழைத்துச் சீவிக்க இயலாதவர் என்று எழுதியிருந்தார். நாட்டுக்குள் விடாமல் திருப்பியனுப்ப அது ஒன்றே போதும். அதிகாரி அதைப் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டார்.

உழைக்க இயலாதவர் என்று எழுதப்பட்ட அந்த 67 வயதுக்காரர் நியூயோர்க்கில் ஆய்வுப் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 1946இல் அமெரிக்கப் பிரஜையானார். கோடை விடுமுறைகளைக் கடலோரத்து ஊரான வூட்ஸ் ஹோலில் கழித்தார். அங்குள்ள கடல்வாழ் உயிரியல் ஆய்வுகூடத்துக்கு வரும் இளம் ஆய்வாளர்கள் மாலையில் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவரும் விஞ்ஞானத்தைப் போலவே ஓவியத்தையும் இசையையும் பற்றி நெடுநேரம் பேசுவார். 1958இல் கீடா காலமானார். லோவி 1961ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி, தன் 88ஆவது வயதில் நியூயோர்க்கில் காலமானார்.